இரு கடலுக்கு இடையே ஒரு நூலக அலமாரி

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையும், பெரும்பாலும் அதை ஒட்டியே ஓடும் இருப்புப்பாதையும் கிழக்கு நோக்கிப் போகப் போக, வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒன்றையொன்று நெருங்கி வந்து நிலத்தை ஒடுக்கிவிடுகின்றன. வாலாந்தரவையைக் கடந்து மண்டபத்தை எட்டுவதற்கு முன், இந்த ஒடுக்கம் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும் இடத்தில் உச்சிப்புளி இருக்கிறது. வடக்கே அரியமான் கடற்கரையும் தெற்கே புதுமடமும் அருகருகே அமைந்திருப்பதால், இந்தப் பகுதியின் தொடக்கப் பள்ளிகளில் வடகடலில் தொழில் செய்பவரின் பிள்ளையும், தென்கடலில் தொழில் செய்பவரின் பிள்ளையும், தென்னந்தோப்பிலும் பனங்காட்டிலும் பிழைப்பு நடத்துபவரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இந்தப் பள்ளிகளின் நூலக அலமாரிக்கு எந்த நூல்கள் வர வேண்டும், வந்தவற்றுள் எவை நிலைக்க வேண்டும், எவை நீங்க வேண்டும் என்பதை யார், எதை அளவுகோலாகக் கொண்டு முடிவுசெய்வது என்னும் கேள்வியோடு இந்தச் சாலையில் பயணம் செய்தால், வழியில் தென்படும் ஒவ்வோர் ஊரும் அதற்கு ஒரு விடையை முன்வைப்பதைக் காணலாம்.

தொடக்கப் பள்ளி என்பது 1 முதல் 5 வரையிலான வகுப்புகளைக் கொண்டது. இந்த நிலையில் நூலகருக்கென்று தனிப் பணியிடம் இல்லாததால், நூலகத்தின் பொறுப்பு வகுப்பு நடத்தும் ஆசிரியரிடமே வந்து சேர்கிறது. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிக்குத் தேவையான அடிப்படைப் பொருள்களின் பட்டியலில் நூலக நூல்களையும் சேர்த்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும், அங்கே செய்தித்தாள், இதழ்கள், கதை நூல்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் கிடைக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபோது, பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வகுக்கப்பட்டது. இதில் மிகக் குறைந்த தொகையே தொடக்கப் பள்ளிக்கு உரியது. ஒரு சிறுவர் நூலின் விலை சராசரியாக 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,000 ரூபாய்க்கு 100 நூல்கள் கிடைக்கும். ஆண்டுக்கு 100 நூல்கள் என்பது சிறிய எண்ணிக்கையன்று. ஆனால் அவற்றுள் 40 நூல்கள் எவரும் தொடாதவையாக அமைந்துவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்ய அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்பதால், தேர்வு என்பது இங்கே மிகுந்த கனம் உடைய செயலாகிறது.

நூல் தேர்வு இரண்டு கட்டங்களாக நடைபெறுவதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் கட்டம் மாநிலத் தலைநகரில் நடைபெறுகிறது. அங்கே குழுக்கள் அமர்ந்து, பதிப்பாளர்கள் அனுப்பிய நூல்களைப் பார்த்துப் பட்டியல் தயாரிக்கின்றன. பட்டியலில் இடம்பெற்ற நூல்கள் கட்டுக் கட்டாக மாவட்டங்களுக்குப் போகின்றன. இந்த முறையின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. முன்னர் தொடக்க வகுப்புகளுக்கு வகுப்பறை நூலகமாக அறிமுகமான புத்தகப் பூங்கொத்துத் திட்டமும், 2022 இறுதியில் 4, 5ஆம் வகுப்புகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘ஊஞ்சல்’ இதழும், 2023இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களும் இந்த வழியாகவே தொலைதூரப் பள்ளிகளை எட்டின. வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாகப் பகுக்கப்பட்டு, குழந்தையின் வகுப்பை வைத்து நூலைக் கொடுக்காமல் வாசிக்கும் திறனை வைத்துக் கொடுக்க வழிசெய்தன. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டின் தொடக்கக் கல்வியில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் இது ஒன்று. ஆனால் தலைநகரில் முடியும் தேர்வு பாதித் தேர்வே. மீதிப் பாதி, நூல் வந்து சேர்ந்த ஊரில், அந்த ஊரின் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர் அதைத் திறந்து முழுவதும் படித்து, யாருக்கு, எப்போது, எந்தக் குறிப்புடன் கொடுப்பது என்று முடிவுசெய்யும் மதிப்பாய்வு ஆகும். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டியெழுப்பிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்ற விதியை அடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்ற விதியையும் வைத்தார். முதலாவதை ஓரளவு பட்டியலால் நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதை நிறைவேற்ற வாசகரைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் வேண்டும்.

வாலாந்தரவையைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் பனையும் உடை மரமும் சீமைக் கருவேலமும் மாறி மாறி வருகின்றன. இது முண்டு மிளகாய் விளையும் மாவட்டம். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் உருவாக்கப்படும் மல்லிகை நாற்றுகள் பிற மாநிலங்களுக்கும் போகின்றன. வேளாண்மை என்றாலே காவிரிப் படுகையின் நெல் வயலையும் உழவு மாட்டையும் மட்டுமே வரைந்து காட்டும் சிறுவர் நூல், மழை பொய்க்கும் இந்த நிலத்தில் எதை விளைவித்து எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைத் தெரிந்த பிள்ளைக்கு அரைகுறையாகவே தோன்றும். இதற்காக நெல் வயல் நூலைத் தள்ள வேண்டியதில்லை. அதனுடன் பனை பற்றிய நூல் ஒன்றும் அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பதே தேர்வின் பணி.

உச்சிப்புளியில் இருப்புப்பாதைக்கும் கடலுக்கும் நடுவே வானும் ஒரு பாடப்பொருளாகிறது. இங்குள்ள கடற்படை வானூர்தித் தளம் 2009இல் ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரில் முழுமையான தளமாக ஆக்கப்பட்டது. டோர்னியர் விமானமும் சேத்தக் ஹெலிகாப்டரும் தலைக்கு மேலே கடந்து போவதைக் கண்டு வளரும் பிள்ளை, விமானம் ஏன் விழாமல் பறக்கிறது, ஹெலிகாப்டர் எப்படி ஓரிடத்திலேயே நிற்கிறது என்று கேட்கும். தகவல் நூல் என்ற வகைக்கு இங்கே தயாரான வாசகர் கூட்டமே இருக்கிறது. தகவல் நூல் என்பது கதை சொல்லாமல் உலகை விளக்கும் நூல். தமிழில் தொடக்க வகுப்புகளுக்கான இந்த வகை நூல்கள் நீதிக் கதைகளோடு ஒப்பிடும்போது மிகக் குறைவாகவே கிடைக்கின்றன; கிடைப்பவற்றிலும் பல, பெரியவர்களுக்கான கட்டுரையை எழுத்தளவு மட்டும் பெரிதாக்கி அச்சிட்டவை. இறக்கையின் மேலும் கீழும் காற்று ஓடும் வகையைப் படத்தில் அம்புக்குறியால் காட்டி, மூன்று சிறிய வாக்கியங்களில் சொல்லிமுடிக்கும் நூலும், ‘வானூர்தியின் இயக்கவியல் கோட்பாடுகள்’ என்று தொடங்கும் நூலும் ஒரே விலைக்கு விற்கப்படலாம். அட்டையைப் பார்த்து வாங்கினால் இரண்டின் வேறுபாடும் தெரியாது.

மொழியை மதிப்பாய்வு செய்வது தேர்வில் மிகக் கடினமான பகுதி. தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும் எழுத்தொலிப்பு பெரும்பாலும் ஒழுங்கானது என்பதால், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய குழந்தை எந்தச் சொல்லையும் ஒலித்துவிட முடியும். ஆயினும் ஒலித்ததன் பொருளை எட்டுமுன் மூச்சு முடிந்துவிடுகிறது. இதற்குக் காரணம் எழுத்தன்று; சொற்களை ஒட்டி ஒட்டி நீளமாக்கும் எழுத்துநடையே. ‘மீன் பிடிப்பதற்காகப் புறப்பட்டுப்போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்பது இலக்கணப் பிழையற்ற வாக்கியம். இரண்டாம் வகுப்புக் குழந்தை விரலை வைத்து வாசிக்கும்போது அந்த விரல் பாதி வழியில் நின்றுவிடும். ‘அவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். அவள் பார்த்தாள்’ என்பது அதே செய்தியைச் சொல்கிறது. வாசித்து முடித்த குழந்தை நிமிர்ந்து ஆசிரியரைப் பார்க்க இடம் தருகிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவும் இதனுடன் சேர்கிறது. வீட்டில் ‘வந்தாங்க’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘வந்தார்கள்’ என்பது அறிமுகமாக வேண்டிய வடிவம். எனவே விவரிப்பை எளிய எழுத்துநடையிலும் பாத்திரங்களின் பேச்சைப் பேச்சுநடையிலும் அமைக்கும் நூல்களுக்கு முதல் இரண்டு வகுப்புகளில் முன்னுரிமை தருவது பொருத்தமானது. பேச்சுத் தமிழ் அச்சேறினால் பிள்ளையின் மொழி கெட்டுவிடும் என்ற அச்சம் ஆசிரியர்கள் பலரிடம் உண்டு. வாசிப்பே தொடங்காமல் போவதைவிடப் பெரிய கேடு மொழிக்கு வேறில்லை என்பதால், அந்த அச்சத்துக்கு இடம் தர வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்புப் பட நூல்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பிரதம் புக்ஸ், துளிகா, தாரா, நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற நிறுவனங்களின் பல நூல்கள் பல மொழிகளில் ஒரே படங்களுடன் வருகின்றன. படத்தில் எழுத்துக்கென்று விடப்பட்ட இடம் ஆங்கிலத்தின் நீளத்தை வைத்து அளக்கப்பட்டிருந்தால், அதே செய்தியைச் சொல்லத் தமிழுக்குக் கூடுதல் இடம் தேவைப்படுவதால் எழுத்து சிறுத்துப்போகிறது. ஆசிரியர் நூலை முன்னே விரித்து வைத்து, வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து வாசித்துப் பார்ப்பதே இதற்கான எளிய சோதனை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், அவற்றை இறக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, வேண்டிய இடத்தில் உள்ளூர்ச் சொல்லை இட்டுக்கொள்ளவும் பள்ளிக்கு உரிமை உண்டு. இந்த உரிமை இன்னும் போதிய அளவில் பயன்படுத்தப்படவில்லை.

நூலின் உடம்பையும் இந்தக் கரையில் தனியே மதிப்பிட வேண்டியுள்ளது. 16, 24 பக்கச் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்துக் கட்டப்படுகின்றன. கடலிலிருந்து உப்பு கலந்த காற்று வீசும் இடத்தில், வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் சேரும்போது அந்தப் பின் துருப்பிடிக்கிறது. துருவின் பழுப்பு நிறம் முதலில் நடுப்பக்கத்தில் இரண்டு சிறு புள்ளிகளாகத் தோன்றி, பிறகு தாளில் ஊறிப் பரவுகிறது. பின் நொய்ந்த இடத்தில் தாள் கிழிந்து, நூலின் நடுவிலுள்ள நான்கு பக்கங்கள் முதலில் கழன்று விழுகின்றன. கதையின் திருப்பம் பெரும்பாலும் அந்த நான்கு பக்கங்களில்தான் இருக்கும். நூலால் தைத்துக் கட்டப்பட்ட பிரதி சற்று விலை கூடினாலும் இங்கே அதுவே சிக்கனமானது. அப்படிக் கிடைக்காத நூலுக்குப் பின்னை எடுத்துவிட்டு மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தைத்துக்கொள்வது ஓர் ஆசிரியரால் பத்து நிமிடங்களில் முடிகிற வேலை. பளபளப்பான ஆர்ட் தாள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இராமபாணப் பூச்சி அரிப்பது அட்டையின் பசையை. காற்றோட்டமில்லாத இரும்பு பீரோவில் பூட்டிவைக்கப்பட்ட நூல்கள், பிள்ளைகளின் கையில் புழங்கும் நூல்களைவிட விரைவில் கெட்டுப்போவதற்கு இந்த இயல்புகளே காரணம்.

உச்சிப்புளியிலிருந்து தெற்கே புதுமடத்துக்கோ வடக்கே அரியமானுக்கோ திரும்பினால் படங்களைப் பற்றிய கேள்வி எழுகிறது. சிறுவர் நூல்களில் வரும் மீன் பெரும்பாலும் ஒரே மீன். பிளந்த வாலும் வட்டக் கண்ணும் சிரிப்பும் உடைய அந்த மீனுக்குப் பெயர் கிடையாது. சூடை, காரல், நகரை, விளமீன், பாறை, திருக்கை என்று நிறத்தையும் வாயின் அமைப்பையும் வைத்துப் பிரித்தறியும் பிள்ளைக்கு, அந்தப் படம் தன் அறிவுக்குப் பள்ளியில் இடமில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. படகும் அப்படியே: வத்தை, வல்லம், நாட்டுப்படகு, விசைப்படகு என்பவை அளவாலும் தொழிலாலும் வேறுபட்டவை, நூலிலோ எல்லாம் பாய் விரித்த ஒரே ஓடம். மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுப்பது பெண்களின் தொழில். முகக்கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறை இடுக்குகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துவரும் தாயை உடைய பிள்ளைக்கு, கடலுக்குப் போகும் அப்பாவையும் கரையில் காத்திருக்கும் அம்மாவையும் மட்டுமே காட்டும் நூலைக் கொடுக்கும் ஆசிரியர், அந்த நூல் சொல்லாமல் விட்டதைத் தாமே சொல்லியாக வேண்டும். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி சேகரிக்கும் பெண் ஒருவருக்கு 2015இல் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது வழங்கப்பட்டது. உலகம் அறிந்த அந்தச் செய்தி, நான்காம் வகுப்புப் பிள்ளை வாசிக்கத்தக்க 16 பக்க நூலாகக் கிடைக்குமானால், இந்தக் கரையின் பள்ளிகள் அனைத்திலும் அது முதல் வரிசையில் இருக்க வேண்டியது.

உள்ளூர் நூல்களால் மட்டுமே அலமாரியை நிரப்ப வேண்டும் என்பது இதன் பொருளன்று. அப்படிச் செய்வது பிள்ளையைக் கரைக்குள்ளேயே நிறுத்திவிடும். ஜப்பானியப் பள்ளி ஒன்றைப் பற்றிய ‘டோட்டோ சான்’ தமிழில் எத்தனையோ ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் கவர்ந்தது, அது தொலைவிலுள்ள ஓர் இடத்தை உண்மையான விவரங்களோடு காட்டியதால்தான். அருகிலுள்ளதாயினும் தொலைவிலுள்ளதாயினும், அங்கே வாழ்பவர் படித்தால் ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பதே பொருத்தமான அளவுகோல்.

மண்டபத்தை நெருங்கும்போது தகவலின் சரிபார்ப்பு முன்னுக்கு வருகிறது. 1947இல் தொடங்கப்பட்ட இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபம் முகாமில்தான் இருந்தது. அது பின்னர் கொச்சிக்கு மாறினாலும் இங்குள்ள மையம் தொடர்கிறது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று ஏறத்தாழ எல்லாச் சிறுவர் நூல்களும் எழுதுகின்றன. அறிவிப்பின்படி அது சரி. ஆனால் அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக நீருக்குள் மூழ்கிவிட்டன. குருசடை, மனோலி, முயல் தீவு உள்ளிட்ட மண்டபம் தீவுக்கூட்டத்தை அருகிலேயே கொண்டுள்ள பள்ளியின் நூலில் இந்தச் செய்தி இல்லாதிருப்பது குறையே. பவளத்தைக் கடல் செடி என்று எழுதும் நூல்களும் உள்ளன. பவளம் என்பது சிறிய விலங்குகள் கூட்டமாக வாழும் அமைப்பு. ஆவுளியா என்று இந்தக் கரையில் அழைக்கப்படும் கடற்பசுவை மீன் என்று குறிப்பிடும் நூலில், அது குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு என்று திருத்தச் சீட்டு ஒட்டலாம். ஒரு பிழைக்காக நல்ல நூலைக் கழிப்பதைவிட, பிழையைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் செய்து சீட்டு எழுதவைப்பது நூலக வேலையின் சிறந்த பயிற்சிகளில் ஒன்று. வடக்கே அழகன்குளத்தில் தொல்லியல் அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும், தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகளும், கப்பல் உருவம் கீறப்பட்ட ஓடும் கிடைத்தன; படங்களையும் நிலப்படத்தையும் ஓர் உறையில் இட்டு வைத்தாலே அதுவும் நூலகப் பொருளாகிவிடும். பள்ளி நூலகம் என்பது அச்சிட்ட நூல்களால் மட்டும் ஆனதன்று.

மண்டபத்துக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்ட முகாம், 1980களிலிருந்து இலங்கைப் போரினால் கடல் கடந்து வந்தவர்களின் இருப்பிடமானது. இத்தகைய முகாம்கள் 2021 முதல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கப்படுகின்றன. இப்பகுதிப் பள்ளிகளில் பயிலும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஈழத்துத் தமிழில் எழுதப்பட்ட சிறுவர் கதைகள் சிலவேனும் அலமாரியில் இருப்பது அவர்களின் வீட்டு மொழியைப் பள்ளி மதிக்கிறது என்பதற்குச் சான்றாகும். நூல் தேர்வில் துயரத்தைத் தவிர்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. சாவு, பிரிவு, சிறை ஆகியவை பிள்ளைகளுக்கு ஆகாதவை என்று கருதி, அத்தகைய நூல்களை ஒதுக்கிவிடுகின்றனர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைப் பாட்டனிடம் கேட்டு வளர்ந்த, கடலுக்குப் போன தந்தை எல்லை தாண்டியதாகக் கைதாகித் திரும்பாமல் வாரங்கள் கழிவதை வீட்டில் கண்ட பிள்ளைக்கு, துயரமில்லாத அலமாரி அயலானது. அத்தகைய நூலில் பார்க்க வேண்டியது, துயரம் இருக்கிறதா என்பதையன்று. கடைசிப் பக்கத்தில் பொய்யான ஆறுதல் சொல்லிப் பிள்ளையின் அறிவை அவமதிக்கிறதா என்பதையே.

பாம்பனில் தகவல் நூல்களுக்கு வயதாகும் விதம் கண்முன்னே நிற்கிறது. 1914இல் திறக்கப்பட்டு, கப்பல் போக நடுப்பகுதி இருபுறமும் தூக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நடுப்பகுதி முழுவதும் செங்குத்தாக மேலே உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் இயக்கத்தை நிகழ்காலத்தில் விவரிக்கும் நூல்கள் எல்லாம் ஒரே நாளில் வரலாற்று நூல்களாகிவிட்டன. 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிவதற்கு முந்தைய மாவட்டப் படம், புளூட்டோவைக் கோளாக எண்ணும் வானியல் நூல் போன்றவற்றை அலமாரியிலிருந்து எடுப்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் கழித்தல் என்னும் இந்த வேலையில் ஒரு விதிவிலக்கு தேவை. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் புள்ளிவிவரங்கள் காலாவதியானவை. ஆயினும் அறிவியலைக் குழந்தைக்குத் தமிழில் சொல்லும் முறைக்கு அது இன்றும் ஆசிரியர் கற்க வேண்டிய முன்மாதிரி. அது பிள்ளைகளின் அலமாரியிலிருந்து ஆசிரியரின் மேசைக்கு இடம்பெயர்வதே முறை.

மதிப்புரை என்ற துறை பிற நாடுகளில் நூலகத் தேர்வுக்கு முதுகெலும்பாக இருந்துவருகிறது. அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்கென்றே ‘ஹார்ன் புக்’ இதழ் 1924இல் பாஸ்டனில் தொடங்கியது; டெல்லியிலிருந்து வரும் ‘தி புக் ரிவ்யூ’ ஒவ்வொரு நவம்பரிலும் சிறுவர் நூல்களுக்குச் சிறப்பிதழ் வெளியிடுகிறது. தமிழில் அழ. வள்ளியப்பா முதலானோர் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்து எழுத்தாளர்களை ஒன்றுசேர்த்த அளவுக்கு, சிறுவர் நூல் மதிப்புரைக்கு வலுவான மரபு உருவாகவில்லை. நாளிதழ்களில் வரும் சில வரிகள் நூலின் இருப்பை அறிவிக்கின்றனவே தவிர, எந்த வயதுப் பிள்ளை எந்தப் பக்கத்தில் தடுமாறும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஆசிரியர்களே. நூலை வகுப்பில் உரக்க வாசித்தபின், பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நெருங்கி வந்தனர், எங்கே கலைந்தனர், எந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டனர், மறுபடியும் வாசிக்கச் சொன்னார்களா என்று அஞ்சலட்டை அளவில் எழுதிவைத்து, குறுவள மையக் கூட்டங்களில், அதாவது அருகருகேயுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் இடங்களில், கைமாற்றிக்கொண்டால், உச்சிப்புளியைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குச் சில ஆண்டுகளில் எந்தத் தலைநகரப் பட்டியலும் தர முடியாத தேர்வுக் கையேடு ஒன்று உருவாகிவிடும். அந்த அட்டைகளே மேலே அனுப்பப்பட்டு அடுத்த ஆண்டுப் பட்டியலைத் திருத்தவும் பயன்பட வேண்டும்.

பயணம் முடியும் இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், அந்த ஊரில் நூல்கள் அரிதாக இருந்த காலத்தில், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்னும் விடுதலைப் போராட்ட உணர்வாளரின் வீட்டு நூலகத்திலிருந்து இரவல் வாங்கிப் படித்ததைத் தம் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவுசெய்திருக்கிறார். நூல்களைத் தாமே தேர்ந்து சேர்த்த ஒருவர் அவற்றைச் சிறுவன் ஒருவனின் கையில் நம்பிக் கொடுத்தார் என்பதே அந்தப் பதிவில் நூலகத் துறைக்குரிய செய்தி. இன்றைய பள்ளிகளில் அந்த நம்பிக்கைக்குத் தடையாக நிற்பது இருப்புப் பதிவேடு. தொலைந்த நூலுக்குத் தணிக்கையில் தாமே பொறுப்பேற்க நேரும் என்று அஞ்சும் ஆசிரியர் பீரோவைப் பூட்டிவிடுகிறார். எவ்வளவு கவனமாகத் தேர்ந்த நூலும் அங்கேயே துருப்பிடிக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் நூலகங்களுக்கு வேறு அணுகுமுறையைக் காட்டுகின்றன: வழங்கப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் வரை ஓராண்டில் தொலைவதை, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாத நிலையில், இயல்பான இழப்பாகவே ஏற்கலாம் என்கின்றன அவை. 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு நூல் என்று 40 வாரங்கள் கொடுத்தால் 2,400 வழங்கல்கள் ஆகும். அந்த அளவின்படி 12 நூல்கள் தொலையலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் கோடை விடுமுறையோடு சேர்ந்து வருவதால், விடுமுறைக்கு முன் ஆளுக்கு மூன்று நூல்களைக் கொடுத்தனுப்பினால் தொழிலுக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் தந்தையும் பிள்ளையுடன் அமர்ந்து வாசிக்க வாய்ப்பு உண்டு. அதில் இரண்டொரு நூல் கூடுதலாகத் தொலையவும் கூடும். மாநிலத்தின் தொடக்கக் கல்வித் துறை இதைப் போன்ற அளவொன்றைத் தெளிவான ஆணையாக வெளியிட்டு, தொலைந்த நூல்களையும் கிழிந்த நூல்களையும் தலைமையாசிரியரே கையொப்பமிட்டுக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்று அதிகாரம் அளித்து, அடுத்த ஆண்டின் 5,000 ரூபாயில் முதல் செலவாக அவற்றுள் பிள்ளைகள் விரும்பிக் கேட்டவற்றை மறுபடி வாங்கும் உரிமையையும் பள்ளிக்கே தர வேண்டும்.